வெள்ளைக் கூம்பின் சரித்திரம்

உலகெங்கும் ஒலிப்பதிவுக் கூடங்களில் ஏறக்குறைய இருபது ஆண்டுக் காலம் நீதிபதியின் ஆசனத்தில் அமர்ந்து, எந்தப் பாட்டு வெளியுலகுக்குப் போகத் தகுதியுடையது என்று தீர்ப்புச் சொல்லிவந்த ஸ்பீக்கர், கோடீசுவரர்களுக்காகச் செய்யப்பட்ட அபூர்வ சாதனம் அன்று. சாமானியக் குடும்பங்களின் புத்தக அலமாரியில் வைப்பதற்கென்று ஜப்பானில் செய்யப்பட்டு, அந்தக் காரியத்தில் பெயரெடுக்கத் தவறிய ஒரு சிறு பெட்டி. யமஹா என்எஸ்-10 என்ற அந்தப் பெட்டியின் வரலாற்றை, குறைந்த பணத்தில் வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்ய முற்படுவோர் ஸ்பீக்கர் வாங்கப் புறப்படுமுன் அறிந்துகொள்வது நலம். ஏனெனில், பதிவைச் சோதித்துக் கேட்பதற்கென்று கூடங்களில் வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரின் தர்மம் இனிமையாகப் பாடுவது அன்று, குற்றத்தை மறைக்காமல் சொல்வதே என்பதை அதைவிடத் தெளிவாக விளக்கும் சரித்திரம் வேறில்லை.

ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் என்ற இருவர், காந்தப் புலத்தில் அசையும் கம்பிச் சுருள் ஒன்று காகிதக் கூம்பைத் தள்ளியும் இழுத்தும் ஒலி எழுப்பும் முறையை 1925-ஆம் ஆண்டில் விவரித்த பிறகு, ஒலிப்பதிவுக் கூடங்களுக்கான ஸ்பீக்கர்கள் பருமனை நாடியே வளர்ந்தன. 1940-களில் அமெரிக்காவில் ஆல்டெக் லான்சிங் கம்பெனியார் 15 அங்குலக் கூம்பின் நடுவிலேயே மேல்ஸ்தாயிக்குரிய கொம்பையும் பொருத்திச் செய்த 604 என்ற ஸ்பீக்கரும், அதே கருத்தைத் தம் வழியில் நிறைவேற்றி 1947-இல் இங்கிலாந்தின் டானாய் கம்பெனியார் வெளியிட்ட டூயல் கான்சென்ட்ரிக்கும், இரு நாட்டுக் கூடங்களிலும் நெடுங்காலம் கோலோச்சின. அவற்றின் ஆற்றல் மெய்யானது. ஆயினும், பெரிய ஸ்பீக்கரைப் பல அடி தூரத்திலிருந்து கேட்கும்போது காதை வந்தடைவது அதன் ஒலி மட்டும் அன்று. சுவரிலும் கூரையிலும் தரையிலும் மோதித் திரும்பும் ஒலியும் அதனோடு கலந்தே வருவதால், ஒரு கூடத்தில் கனமாகக் கேட்ட பேஸ் மற்றொரு கூடத்தில் மெலிந்துபோகும். 1970-களில், ஒரே கம்பெனியில் நிலையாக ஊழியம் செய்வதை விட்டு ஊர் ஊராகக் கூடங்களுக்குச் சென்று பணிபுரியும் என்ஜினீயர்கள் பெருகியபோது, இந்த இடர் அவர்களுக்குப் பெருஞ்சங்கடமாயிற்று. கையோடு எடுத்துச் சென்று, கன்சோல் என்னும் ஒலிக் கலப்பு மேசையின் மேல் வைத்து, சுமார் ஒரு மீட்டர் தூரத்தில் அமர்ந்து கேட்கத்தக்க சிறு ஸ்பீக்கர் அவர்களுக்குத் தேவைப்பட்டது. அவ்வளவு அருகில் கேட்டால், அறையின் எதிரொலியைக் காட்டிலும் ஸ்பீக்கரின் நேர் ஒலியே மேலோங்கி நிற்கும்.

அந்தத் தேவைக்கு ஏற்ற சில பெட்டிகள் முன்னமே இருந்தன. ஒரே ஒரு சிறு கூம்பை மட்டும் தாங்கிய ஆரடோன் என்ற கனசதுரப் பெட்டி, காரிலும் மலிவு ரேடியோவிலும் பாட்டு எப்படிக் கேட்கும் என்பதைக் காட்டிற்று. மைக்கேல் ஜாக்சனின் ‘திரில்லர்’ இசைத்தட்டை 1982-இல் உருவாக்கிய என்ஜினீயர் புரூஸ் ஸ்வீடியன் அதை ஆர்வத்தோடு உபயோகித்தவர்களில் ஒருவர். இங்கிலாந்தில் பி.பி.சி.யின் ஆராய்ச்சிப் பகுதியினர், வெளிப்புற ஒலிபரப்பு வண்டியின் நெருக்கடியான இடத்துக்குள் அடங்குவதற்காக 1970-களில் வகுத்த எல்எஸ்3/5ஏ, மனிதக் குரலை உள்ளபடி உரைப்பதில் பெரும் பிரசித்தி அடைந்தது.

என்எஸ்-10 1978-ஆம் ஆண்டு அளவில் கடைக்கு வந்தது. அகிரா நாகமுரா வடிவமைத்த அதை வீட்டில் வைத்துக் கேட்டவர்கள், ஒலி கூர்மையாக உறுத்துகிறது, பேஸ் போதவில்லை என்று குறைகூறினர். அவ்விரண்டு குறைகளும் உண்மையே. ஆனால் நியூயார்க்கின் பவர் ஸ்டேஷன் கூடத்தில் பணியாற்றிய பாப் கிளியர்மவுண்டன் போன்றவர்கள் அதைக் கன்சோலின் மேல் ஏற்றி வைத்தபோது, வீட்டில் குறையாய் இருந்தது கூடத்தில் குணமாயிற்று. சுமார் 1,500 முதல் 2,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை அந்தப் பெட்டி தூக்கிக் காட்டும். பாடகரின் குரலும் கித்தாரும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு மோதும் இடம் அதுவேயாதலால், அங்கே ஏற்படும் பிழை உடனே காதில் தைக்கும், திருத்தாமல் விட மனம் வராது. அதன் வெண்ணிறக் கூம்பும் தனி விதமாகச் செய்யப்பட்டது. கூழை அச்சில் அழுத்தி எடுக்காமல், தட்டையான காகிதத் தாளை வெட்டி, வளைத்து, ஓரங்களை ஒன்றுசேர்த்து ஒட்டுவார்கள். உறுத்தலைத் தாங்கமாட்டாத என்ஜினீயர்கள், மேல்ஸ்தாயி ஒலியை எழுப்பும் ட்வீட்டரின் மேல் மெல்லிய டிஷ்யூ காகிதத்தை ஒட்டிக்கொள்வது வழக்கமாகி, எந்த வகைக் காகிதம் எவ்வளவு தணிக்கிறது என்று அளவெடுத்து ஆராயும் அளவுக்கு அது வளர்ந்தது. யமஹாவினரே பிற்பாடு ட்வீட்டரைத் தணித்து, கூடங்களுக்கென்றே 1987-இல் ‘ஸ்டூடியோ’ வகையை வெளியிட்டனர்.

இந்தப் பெட்டி இத்தனை நம்பிக்கைக்குப் பாத்திரமானதன் காரணத்தை, 2001-இல் இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆராய்ச்சியாளர்கள், பல சிறு மானிட்டர்களை எதிரொலியற்ற அறையில் வைத்து அளந்து விளக்கினர். துவாரம் வைத்த பெட்டிகள் பேஸைப் பெருக்கிக் கொடுக்கும். ஆனால் டிரம்மின் அடி நின்ற பின்பும் அவற்றின் முழக்கம் சற்று நேரம் இழுத்துக்கொண்டிருக்கும். என்எஸ்-10 அடைபட்ட பெட்டி. அதில் பேஸ் குறைவு, ஆனால் எழுந்த ஒலி விரைவில் அடங்கிவிடும்; ஆகவே, கேட்டது பாட்டில் உள்ளதா, பெட்டி சேர்த்ததா என்ற சந்தேகம் எழுவதில்லை. கூம்பின் காகிதத்துக்கு வேண்டிய கூழ் கிடைப்பது அரிதாயிற்று என்று, அதே 2001-இல் யமஹாவினர் உற்பத்தியை நிறுத்திவிட்டனர்.

இதற்கிடையில் ஒலிப்பதிவு என்ற காரியமே வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. டாஸ்காம் கம்பெனியாரின் போர்ட்டாஸ்டூடியோ 1979-இல் சாதாரண கேசட்டில் நான்கு தடங்களைப் பதியும் வசதியை அளித்தது. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் தம் வீட்டு அறையில் அதைக் கொண்டு பதிந்தவையே 1982-இல் ‘நெப்ராஸ்கா’ என்ற இசைத்தட்டாக வெளிவந்தன. கம்ப்யூட்டர் வந்த பிறகு தடங்களுக்குக் கணக்கே இல்லாமற் போயிற்று. ஆம்ப்ளிஃபயரைப் பெட்டிக்குள்ளேயே அமைக்கும் முறையை பின்லாந்தின் ஜெனெலெக் கம்பெனியார் 1978 முதற்கொண்டே வளர்த்துவந்தனர். அந்த முறை மெல்ல மெல்லச் சகாயவிலைப் பெட்டிகளுக்கும் இறங்கி, 2005-இல் வெள்ளைக் கூம்போடு வந்த யமஹா எச்எஸ் வரிசையும், 2013-இல் வந்த ஜேபிஎல் எல்எஸ்ஆர்305-உம், முன்பு கூடங்களுக்கு மட்டுமே எட்டிய துல்லியத்தைச் சாமானியர் கைக்கு எட்டச் செய்தன.

ஆகவே, இன்று சொற்பத் தொகையோடு கடைக்குச் செல்பவர், கேட்டவுடன் மனத்தை மயக்கும் ஸ்பீக்கரைத் தேடவேண்டியதில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு பேஸை எழுப்பும் வூஃபர் 5 அங்குலமாக உள்ள ஒரு ஜோடி தாராளமாகப் போதும். அதற்கு மேற்பட்ட பேஸை அத்தகைய அறை ஒழுங்காக ஏற்காது. இரண்டு பெட்டிகளும் கேட்பவரும் சமபக்க முக்கோணமாக அமையும்படியும், ட்வீட்டர் காதின் மட்டத்தில் இருக்கும்படியும், பின்சுவரிலிருந்து இயன்றவரை விலக்கியும் வைத்து, மிஞ்சும் பணத்தை ஒலியை உறிஞ்சும் பலகைகளுக்குச் செலவிடுவதே உத்தமம். பிறகு, நன்கு பழகிய பாட்டுகளை நாள்தோறும் அந்தப் பெட்டியிலேயே கேட்டு, அது எதை மிகைப்படுத்துகிறது, எதை ஒளிக்கிறது என்பதை மனத்தில் பதித்துக்கொள்ளவேண்டும். என்எஸ்-10-ஐ நம்பிய என்ஜினீயர்கள் அது குற்றமற்றது என்று கருதியதில்லை. அதன் குற்றங்களை முற்றும் அறிந்து, அதற்கேற்பக் காதைப் பழக்கிக்கொண்டார்கள். அந்தப் பழக்கம் விலை கொடுத்து வாங்கக்கூடியது அன்று. ஆதலால், பணம் குறைந்தவனுக்கும் பணம் நிறைந்தவனுக்கும் அது ஒரே உழைப்பினால்தான் கைகூடும்.