ஓடி முடித்த நாய்களின் கணக்கு

இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள சீஹம் என்னும் சிற்றூரில், பந்தயத்துக்கு உதவாத கிரேஹவுண்ட் நாய்களை ஒருவர் பல ஆண்டுகளாகக் கொன்று தம் நிலத்தில் புதைத்து வந்ததை 2006-ஆம் ஆண்டு 'சண்டே டைம்ஸ்' இதழ் வெளிப்படுத்தியது. எண்ணிக்கை பத்தாயிரத்துக்கும் மேல் என்றது அவ்விதழ். அவருக்கு விதிக்கப்பட்டது 2,000 பவுண்ட் அபராதம். அதுவும் கொன்றதற்காக அல்ல, உரிமமின்றிப் புதைத்ததற்காக!

நாய்ப் பந்தயத்தின் பொருளாதாரம் முழுவதும் இந்த ஒரு வழக்கில் அடங்கியிருக்கிறது. கிரேஹவுண்ட் ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் வாழக்கூடியது. ஒன்றரை வயதளவில் ஓடத் தொடங்கி, நான்கைந்து வயதில் ஓய்ந்துவிடுகிறது. எஞ்சிய ஆண்டுகளின் தீனிச் செலவும் மருத்துவச் செலவும் பந்தய வருவாய்க் கணக்கில் ஏறுவதே இல்லை. எந்தக் குட்டி வெல்லும் என்பது முன்கூட்டியே தெரியாததால், வளர்ப்போர் தேவைக்கு மேல் ஈனச் செய்கின்றனர். தோற்பவை வேண்டாத சரக்காகின்றன.

இதன் அளவை வெளிக்கொணர்ந்தது ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம். உயிருள்ள முயல்களையும் பன்றிக்குட்டிகளையும் இரையாகக் கட்டி நாய்களைப் பழக்கும் கொடுமையை 2015 பிப்ரவரியில் ஏபிசி தொலைக்காட்சி ஒளிபரப்பியது. உயர்நீதிமன்ற முன்னாள் நீதிபதி மைக்கேல் மெக்ஹியூ தலைமையிலான விசாரணை ஆணையம் மறு ஆண்டு அளித்த அறிக்கை, 12 ஆண்டுகளில் பிறந்த 97,783 நாய்களில் 48,891 முதல் 68,448 வரை வேகம் போதாதவை என்று கொல்லப்பட்டதாக மதிப்பிட்டது. 2016 ஜூலையில் முதல்வர் மைக் பேர்ட் தடையை அறிவித்தார். அக்டோபரில் அதைக் கைவிட்டார். வளர்ப்போரின் வாக்கும் ஊரகக் கட்சியின் நெருக்குதலும் வென்றன.

ஆயினும் ஒரு நல்ல மாற்றம் நிகழ்ந்தது. பந்தயத்தை வளர்ப்பதும் கண்காணிப்பதும் அதுவரை ஒரே அமைப்பின் கையில் இருந்தன. 2018-இல் கண்காணிப்புக்கெனத் தனி ஆணையம் அமைந்தது. கல்லாவில் அமர்ந்தவரே தராசையும் சோதிக்கும் முறை எந்தத் தொழிலிலும் உருப்பட்டதில்லை.

ஓடுதளத்தையும் கவனிக்க வேண்டும். நாய்கள் மணிக்கு அறுபது கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் இடப்புறமாகவே வளைந்து ஓடுவதால், வலப் பின்னங்கால் எலும்பு முறிவது வழக்கமான காயமாகிவிட்டது. நேரான தளமும், எட்டுக்குப் பதில் ஆறு நாய்களும் காயத்தைக் குறைக்கும் எனச் சிட்னி தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பரிந்துரைத்தனர். செலவு பெரிதன்று, மனம்தான் வேண்டும்.

புளோரிடா வாக்காளர்கள் 2018-இல் பந்தயத்துக்கு முடிவு கட்டினர். நியூசிலாந்து 2024 டிசம்பரிலும், வேல்ஸ் 2025 பிப்ரவரியிலும் தடை முடிவை அறிவித்தன. தடையும் திட்டமின்றி வந்தால் துயரமே. மக்காவ் ஓடுதளம் 2018-இல் மூடப்பட்டபோது ஐந்நூறுக்கும் மேற்பட்ட நாய்கள் போக்கிடமின்றி நின்றன. விலங்கு நல ஆர்வலர்கள்தாம் அவற்றுக்கு வீடு தேடினர்.

ஆகவே, பந்தயம் நீடிக்கும் இடங்களில் கட்டுப்பாடு ஓடுதளத்தில் அல்ல, ஈனும் கொட்டிலில் தொடங்க வேண்டும். ஆண்டுக்கு இத்தனை குட்டிகள் என்ற வரம்பு வேண்டும். ஒவ்வொரு குட்டியையும் பதியும்போதே ஒரு வைப்புத்தொகை பெற்று, ஓய்ந்த நாய்க்கு வீடு கிடைத்த சான்று வந்த பின்னரே அதைத் திருப்பித் தரலாம். பிரிட்டனில் சூதாட்ட நிறுவனங்கள் நாய்ப் பந்தய நிதிக்குத் தருவது இன்றளவும் விருப்பக் கொடையே. குதிரைப் பந்தயத்துக்கு உள்ளதுபோல் அதைச் சட்டபூர்வத் தீர்வையாக்குவதில் என்ன தடை?