ஒரு நீளம், இரண்டு குட்டை!

மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். ஹாஸ்டல் குறும்புகளையும் கேன்டீன் கடன்களையும் எழுத மற்ற நண்பர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் மெஷின்தான். ஆகவே கம்ப்யூட்டரின் ஓர் உறுப்பைப் பற்றிய சரித்திரத்தை எழுதுகிறேன். எழுதத் தூண்டியவர், நம் கல்லூரியில் இறுதியாண்டு படித்த ஒரு தம்பி.

அவருடையது 2011இல் வாங்கிய டெஸ்க்டாப். முப்பரிமாணப் படங்கள் வரையும் புராஜெக்ட்டுக்காக, ஆறு மாதம் டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தில் ஒரு புது கிராபிக்ஸ் கார்டு வாங்கி மாட்டியிருக்கிறார். ஸ்விட்ச் போட்டால் ஃபேன் சுற்றுகிறது. திரை மட்டும் கும்மிருட்டு. கடையில் கேட்டதற்கு, "மதர்போர்டு போச்சு, புது செட்டே வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டார்களாம். என் நம்பரை யாரோ கொடுக்க, இரவு பத்து மணிக்குப் போன்.

"சார், போர்டு போச்சா, கார்டு போச்சா? எதுக்கு மறுபடியும் பணம் தேடணும்னு மட்டும் சொல்லுங்க சார்."

"தம்பி, எதையும் தூக்கிப் போடாதே. மெஷினை ஆன் பண்ணி, போனைப் பக்கத்துல வை" என்றேன். கேட்டது. ஒரு நீள ஒலி, இரண்டு குட்டை ஒலி. அந்தச் சத்தம் எனக்குப் பழைய சிநேகிதம்.

பச்சைத் திரைக் காலம்

1990இல் நம் கம்ப்யூட்டர் லேப் ஒரு கோயில் மாதிரி. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எங்களுக்கு இல்லாத ஏ.சி. மெஷினுக்கு உண்டு! சில நாள் காலையில் ஏதாவது ஒரு மெஷின் அந்த மூன்று ஒலிகளை எழுப்பும். லேப் உதவியாளர் அலட்டிக்கொள்ளாமல் பெட்டியைத் திறப்பார், டிஸ்ப்ளே கார்டை உருவுவார், அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்ப்பார், திரும்பச் செருகுவார். திரை உயிர் பெறும். எங்களுக்கு அது மந்திரவாதம்.

அந்த ஒலியின் கதை 1981 ஆகஸ்டில் தொடங்குகிறது. ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் 'பி.சி.'யின் மதர்போர்டில் படம் காட்டும் பகுதியே கிடையாது. அதற்குத் தனிக் கார்டு செருக வேண்டும். கிடைத்தவை இரண்டு. எம்.டி.ஏ. கார்டு 80 எழுத்து, 25 வரி என்று எழுத்துகளை மட்டும் காட்டும். சி.ஜி.ஏ. கார்டு 320க்கு 200 புள்ளிகளில் நான்கு நிறம் காட்டும். எந்தக் கார்டு செருகப்பட்டிருக்கிறது என்பதைப் போர்டில் உள்ள குட்டி ஸ்விட்சுகளைக் கையால் தள்ளிச் சொல்ல வேண்டும். டிஸ்ப்ளேயில் கோளாறு என்றால் அதைத் திரையில் எழுத முடியாதே! எனவேதான் ஸ்பீக்கர் வழியாக ஒரு நீளம், இரண்டு குட்டை. பின்னாளில் வேறு பல மதர்போர்டுகளும் இதே ஒலிமுறையைப் பின்பற்றின.

எங்கள் லேப்பில் இருந்தவை ஹெர்குலிஸ் கார்டுகள். அதன் பிறப்பு நமக்கு நெருக்கமான கதை. வான் சுவன்னுகுல் என்ற தாய்லாந்து ஆராய்ச்சி மாணவர், தம் ஆய்வேட்டைத் தாய் எழுத்தில் எழுத விரும்பினார். எம்.டி.ஏ. கார்டுக்கு ஆங்கில எழுத்துகளைத்தான் தெரியும். ஆகவே தாமே ஒரு கார்டை வடிவமைத்தார். 1982இல் வெளிவந்த அந்தக் கார்டு 720க்கு 348 புள்ளிகள் காட்டியது. புள்ளியாக வைக்க முடிந்தால் எந்த மொழி எழுத்தையும் வரையலாம். எங்கள் சீனியர் ஒருவர் அதில் 'அ' என்று வரைந்து காட்டிய அன்று, லேப்பில் இருந்த அத்தனை பேரும் அந்த ஒரே திரை முன்னால் நின்றோம்.

கார்டு கொண்டுவந்த சிட்டை

1984இல் ஐ.பி.எம். கொண்டுவந்த இ.ஜி.ஏ. கார்டில் 16 நிறங்கள் என்பதைத்தான் எல்லோரும் பேசினார்கள். என் பார்வையில் பெரிய மாற்றம் வேறு. அந்தக் கார்டு தன்னை எப்படி இயக்க வேண்டும் என்ற புரோகிராமைத் தன்னுடைய ராம் சில்லில் அல்ல, அழியாத ரோம் சில்லில் தானே கொண்டுவந்தது. மெஷின் எழுந்தவுடன் மதர்போர்டில் உள்ள பயாஸ் ஒரு குறிப்பிட்ட முகவரியில் தேடும். அங்கே 55, ஏஏ என்ற இரண்டு அடையாள பைட்டுகள் இருந்தால், "ஆள் வந்திருக்கிறார்" என்று புரிந்துகொண்டு அந்தப் புரோகிராமை ஓட்டும். அதன் பிறகுதான் திரையில் எழுத்து தோன்றும்.

ஆகத் திரை விழிக்க இரண்டு பேர் ஒத்துப்போக வேண்டும். கார்டு சிட்டையை நீட்ட வேண்டும். போர்டுக்கு அதைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். தம்பியின் மெஷினுக்கு வருமுன் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாறிக்கொண்டே வந்த வாசல்

கார்டு செருகும் ஸ்லாட்டும் மாறிக்கொண்டே வந்தது. 1981இல் 8 பிட். 1984இல் 16 பிட். 1990இல் விண்டோஸ் 3.0 வந்து திரை முழுவதும் படமானபோது அந்த வாசல் போதவில்லை. 1992இல் வெசா லோக்கல் பஸ் என்ற நீண்ட ஸ்லாட் வந்தது. அது 486 பிராசசரோடு ஒட்டிப் பிறந்ததால், பென்டியம் வந்தபின் மறைந்தது. அதே 1992இல் இன்டெல் அறிவித்த பி.சி.ஐ. நிலைத்தது, வினாடிக்கு 133 மெகாபைட். 1997இல் கிராபிக்ஸுக்கென்றே ஏ.ஜி.பி. ஸ்லாட் போர்டுகளில் வந்தது. தொடக்கத்திலேயே 266 மெகாபைட். அதில் 3.3 வோல்ட், 1.5 வோல்ட் என்று இரு வகை. தவறானதைச் செருகிவிடக் கூடாதென்று ஸ்லாட்டில் தடுப்பை இடம் மாற்றி வைத்தார்கள்.

இந்தக் காலம் முழுவதும் ஒரு சௌகரியம் இருந்தது. பொருந்தாத கார்டு பெரும்பாலும் ஸ்லாட்டுக்குள் நுழையவே நுழையாது. கண்ணாலேயே தெரிந்துவிடும்.

2003இல் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் விதிமுறை வந்தது. 2004இல் போர்டுகள் வந்தன. 16 தடங்கள், ஒரு திசையில் வினாடிக்கு 4,000 மெகாபைட், ஸ்லாட் வழியாகவே 75 வாட் மின்சாரம். 2007, 2010, 2017, 2019 என்று புதுப் பதிப்புகள் வந்தபோதும் ஸ்லாட்டின் வடிவம் மாறவில்லை. பத்தாண்டு பழைய போர்டிலும் புதுக் கார்டு 'டக்'கென்று உட்காரும். நல்லதுதான். ஆனால் பொருத்தமின்மை அன்றிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குக் குடிபோய்விட்டது.

எங்கெல்லாம்? மின்சாரத்தில் ஒன்று: 75 வாட்டுக்கு மேல் தேவைப்படும் கார்டுக்கு எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனி ஒயர் வேண்டும். தடத்தில் ஒன்று: 2022இல் வந்த ரேடியான் ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. நீள ஸ்லாட்டில் உட்கார்ந்தாலும் நான்கு தடங்களையே பயன்படுத்துகிறது. பழைய போர்டில் வேகம் குறைகிறது. டிரைவரில் ஒன்று: 2018இல் என்விடியா 32 பிட் விண்டோஸுக்குப் புது டிரைவர் தருவதை நிறுத்தியது. கடைசியாக அந்தச் சிட்டை: 2012இல் விண்டோஸ் 8 வந்த காலம் முதல், பயாஸின் இடத்தை யு.இ.எஃப்.ஐ. வேகமாகப் பிடிக்க, கார்டுகளின் ரோமிலும் புது மொழி ஏறியது.

தம்பியின் மெஷினில்

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். முதலில் மானிட்டர் ஒயர் எங்கே செருகப்பட்டிருக்கிறது என்று பார்த்தேன். பாதிப் பேர் அதைப் பழக்க தோஷத்தில் மதர்போர்டிலேயே செருகி வைப்பார்கள். தம்பி சரியாகக் கார்டில்தான் செருகியிருந்தார். அடுத்து எஸ்.எம்.பி.எஸ்.; 300 வாட். கார்டோ தனி ஒயர் கேட்காத ரகம். அதுவும் சரி. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினெட் இரும்பைத் தொட்டு உடம்பில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு, கார்டை உருவி ரப்பரால் தேய்த்துச் செருகினேன். இந்த முறை மந்திரம் பலிக்கவில்லை.

பிறகு நான் கொண்டுபோயிருந்த பழைய கார்டை அதே ஸ்லாட்டில் மாட்டினேன். படம் வந்தது! அப்படியானால் போர்டு போகவில்லை. தம்பியின் புதுக் கார்டை எதிர்வீட்டுப் புது மெஷினில் மாட்டினோம். அங்கும் படம் வந்தது. கார்டும் போகவில்லை. இரண்டு பேரும் நல்லவர்கள்; பேச்சுதான் ஒத்துப்போகவில்லை.

போர்டில் இருந்தது 2011இல் வந்த முதல் பயாஸ். தயாரிப்பாளரின் தளத்தில் அதே மாடலுக்குப் பிந்தைய பயாஸ் ஒன்று இருந்தது; 'புதிய கிராபிக்ஸ் கார்டுகளுக்கு ஆதரவு சேர்க்கப்பட்டது' என்ற ஒற்றை வரிக் குறிப்போடு. கார்டைக் கழற்றிவிட்டுப் போர்டின் சொந்த டிஸ்ப்ளேயில் அதை ஏற்ற வேண்டும். ஆனால் ஏற்றிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் போர்டு நிஜமாகவே போய்விடும். தம்பியிடம் அதை மறைக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பண்ணிடலாம் சார்" என்றார். பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு யு.பி.எஸ். இரவல் வாங்கி வந்தோம். அந்தச் சில நிமிடங்கள் அவருடைய அம்மா மிக்ஸியைக்கூடப் போடவில்லை.

முடிந்தது. அணைத்து, கார்டை மாட்டி, ஸ்விட்ச் போட்டோம். ஒரே ஒரு குட்டை ஒலி. 1981 முதல் அதற்கு அர்த்தம், 'எல்லாம் சரி'. திரை விழித்தது. தம்பி என்னைப் பார்க்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். புராஜெக்ட்டும் உரிய நாளில் போய்ச் சேர்ந்தது.

எல்லா மெஷினுக்கும் இப்படிப் புது பயாஸ் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். கிடைக்காவிட்டால் அந்தப் போர்டின் காலத்துக் கார்டைத் தேடுவதுதான் புத்திசாலித்தனம். வாங்குமுன்பே இதையெல்லாம் விசாரிப்பது அதைவிடப் புத்திசாலித்தனம். ஆனால் திரை இருண்டவுடன் "போச்சு" என்று சொல்லிவிடாதீர்கள். ஒவ்வொன்றையும் தனியே நல்ல இடத்தில் வைத்துச் சோதித்துப் பாருங்கள். உழைத்துச் சேர்த்த பணம் குப்பைக்குப் போகாது.

நம் துறை ஸ்டோர் ரூமிலும் 'போச்சு' என்று ஓரங்கட்டிய மெஷின்கள் இருக்கும். மாணவத் தம்பி தங்கைகள் கூப்பிட்டால், ஒரு பென்சில் ரப்பரோடு வரத் தயாராக இருக்கிறேன். இப்போது செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.