பதினேழு வயதுக்கு எந்தப் படம்?

உயர்நிலைப் பள்ளியின் கடைசி வகுப்புகளில் பிரெஞ்சு படிக்கும் பிள்ளைகளுக்கு எந்தப் படத்தைக் காட்டலாம் என்று கேட்டால், நான் இரண்டைச் சொல்வேன்.

முதலாவது, லூயி மால் 1987இல் எடுத்த ‘பிள்ளைகளே, போய்வருகிறேன்’. 1944 ஜனவரியில், பாரிசுக்குத் தெற்கே ஆவோன் என்ற ஊரின் கத்தோலிக்கப் பள்ளியில் பெயர் மாற்றி ஒளித்துவைக்கப்பட்டிருந்த மூன்று யூத மாணவர்களைக் கெஸ்டாப்போ பிடித்துச் சென்றது. மூவரும் அவுஷ்விட்சில் கொல்லப்பட்டார்கள். அடைக்கலம் கொடுத்த பாதிரியார் ஜாக், வதைமுகாமிலிருந்து மீட்கப்பட்ட சில வாரங்களில் இறந்தார். அப்போது அங்கே படித்த மாலுக்கு வயது 11. அதைப் படமாக்க அவருக்கு 40 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

படத்தில் காட்டிக்கொடுப்பவன் சமையலறையில் வேலைசெய்யும் பையன். கள்ளச்சந்தை வியாபாரத்தில் மாணவர்களுக்கும் பங்கு உண்டு. வேலை போனது அவனுக்கு மட்டும். வகுப்பில் பேசவேண்டிய இடம் இதுதான். சிறுவர்களின் பேச்சு என்பதால் மொழியும் மிரட்டாது.

இரண்டாவது, ரஷீத் பூஷரெப்பின் ‘சுதேசிகள்’, 2006. பிரான்சை மீட்கப் போரிட்ட வட ஆப்பிரிக்க வீரர்களின் கதை. நாடுகள் விடுதலை பெற்றபின் அவர்களின் ஓய்வூதியம் ஏறாமல் உறைந்து கிடந்தது. படம் வெளியான சமயத்திலேயே அதை உயர்த்துவதாக அரசு அறிவித்தது. இதில் அரபு மொழியும் நிறைய வரும். அந்தப் படையில் அப்படித்தான் பேசினார்கள்.

இந்த வரிசையிலேயே காட்டுங்கள். பிரான்சுக்குள் யார் கைவிடப்பட்டார்கள் என்று முதற்படம் கேட்கிறது. பிரான்சுக்காகப் போரிட்டு யார் மறக்கப்பட்டார்கள் என்று அடுத்தது கேட்கிறது. குடிபெயர்ந்தவர்களின் பிள்ளைகள் உள்ள வகுப்பில் இரண்டாவது கேள்விக்குப் பதில் தேடிப் போகவேண்டியதில்லை. அவர்களே பேசத் தொடங்குவார்கள்.