வால்டன் காடும் அதன் பத்திரங்களும்

தோரோவைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் நம் நினைவுக்கு முதலில் வருபவை இரண்டு. வரி கட்ட மறுத்து ஓரிரவு சிறையிருந்தது ஒன்று. வால்டன் குளக்கரையில் தம் கையால் குடில் கட்டி வாழ்ந்தது மற்றொன்று. முன்னது காந்தியின் வழியே நம்மிடம் வந்து சேர்ந்தது, பின்னது நூலின் வழியே. அந்தக் குடில் யாருடைய நிலத்தில் நின்றது என்று மட்டும் நாம் கேட்பதில்லை.

நிலம் எமர்சனுடையது. 1844 இலையுதிர்காலத்தில் ஏக்கருக்குச் சுமார் 8 டாலர் விலையில் குளத்தின் வடகரையில் 11 ஏக்கரை அவர் வாங்கினார். ஒட்டியிருந்த பைன் தோப்பு மரம்வெட்டிகளின் கைக்குப் போய்விடுமே என்று அஞ்சி அதிலும் சில ஏக்கர்களைச் சேர்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டு ஜூலை 4 அன்று தோரோ அங்கே குடியேறினார். நிலவுடைமையை அவ்வளவு எள்ளிய ஒரு நூலுக்கு அடித்தளமாக இருந்தது நண்பரின் கிரையப் பத்திரம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நூல்கள் இதை மறக்கச் செய்துவிடுகின்றன என்பதே நாம் சொல்ல வருவது.

எமர்சன் நிலம் வாங்கிய அதே ஆண்டு ஏப்ரலில், பிடித்த மீனைச் சமைக்க மூட்டிய நெருப்பைக் கவனியாமல் விட்டு, கான்கார்டு ஊரார் காட்டில் ஏறத்தாழ 300 ஏக்கரை எரித்தவர் தோரோ. உடனிருந்தவர் எட்வர்ட் ஹோர். பிற்காலத்தில் தோரோவின் பிழைப்பு நில அளவை. அவர் அளந்து கொடுத்த தோப்புகளுள் சில விரைவிலேயே கோடரிக்குப் பலியாயின. இந்த அனுபவங்களைக் கடந்து வந்தவர்தாம் 1859 அக்டோபர் 15 நாட்குறிப்பில், ஒவ்வோர் ஊரும் 500 அல்லது 1000 ஏக்கர் காட்டைப் பொதுவில் என்றென்றைக்கும் வைத்துக்கொள்ள வேண்டும், அதில் விறகுக்கென ஒரு குச்சியும் வெட்டலாகாது என்று எழுதினார். எழுதி மூன்றாண்டுக்குள் மறைந்தும் போனார்.

எழுத்து அங்கேயே நின்றுவிட்டது. அதற்குப் பிந்தைய வேலையைப் பத்திரங்கள் செய்தன. 1922இல் எமர்சன், ஃபோர்ப்ஸ், ஹோர் குடும்பத்தினர் குளத்தைச் சுற்றிய ஏறத்தாழ 80 ஏக்கரை மாசசூசெட்ஸ் அரசுக்குத் தானமளித்தனர். (காட்டை எரித்தவரின் கூட்டாளியும் ஹோர் குடும்பத்தவர்தாம் என்பதை நினைக்கையில் சிறு புன்னகை எழாமலில்லை.) கரையையும் அருகிலுள்ள காட்டையும் மக்கள் துய்ப்பதற்காகக் காக்க வேண்டுமென்பது தானத்தின் நிபந்தனை.

1957இல் அந்த நிபந்தனைக்குச் சோதனை வந்தது. நிர்வாகப் பொறுப்பிலிருந்த மாவட்ட ஆணையர்கள் குளிக்கும் துறையை விரிவாக்குவதற்காக ஓர் ஏக்கருக்கும் மேற்பட்ட கரைக்காட்டை வெட்டிச் சாய்த்தனர். தோரோ அன்பர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அவர்கள் கையிலிருந்த வலுவான ஆயுதம் ‘வால்டன்’ நூலன்று, அந்தப் பத்திரமே. தானத்தின் நோக்கத்தை மீற ஆணையர்களுக்கு உரிமையில்லை என 1960இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விழுந்த மரங்கள் விழுந்தவையே, நின்றவை தப்பின.

இதற்கிடையில், நாட்குறிப்பின் நூற்றாண்டான 1959இல், கான்கார்டு ஊரார் நிலப் பாதுகாப்பு அறக்கட்டளை ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். இத்தகைய அறக்கட்டளைகளின் செயல்முறை எளியது. நிலத்தை விலைக்கோ தானமாகவோ பெறலாம். அல்லது உரிமையாளர் நிலத்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, அதில் கட்டடம் எழுப்பும் உரிமையை மட்டும் பத்திரம் பதிந்து துறந்துவிடலாம். அவருக்குப் பின் வாங்குவோரையும் அது கட்டும். சந்திர சூரியர் உள்ளவரை என்பார்களே, அவ்வகை. அதை மீறுவோரைத் தடுப்பது அறக்கட்டளையின் கடமை.

1980களின் இறுதியில் அடுத்த நெருக்கடி. குளத்திலிருந்து ஒரு மைலுக்குள், பிரிஸ்டர் குன்றில் பெரும் அலுவலக வளாகமும் பேர் கார்டன் குன்றில் அடுக்குமனைகளும் எழவிருந்தன. நிலம் தனியாருடையது, சட்டத்தில் தடையில்லை. தொலைக்காட்சிச் செய்தியில் இதையறிந்த ஈகிள்ஸ் இசைக்குழுவின் டான் ஹென்லி 1990இல் வால்டன் காட்டுத் திட்டம் என்ற அமைப்பை நிறுவினார். இசை நிகழ்ச்சிகளாலும் நன்கொடைகளாலும் பணம் திரட்டி, 1991இல் ஒரு குன்றும் 1993இல் மற்றொன்றும் சந்தை விலைக்கே வாங்கப்பட்டன. எதிர்ப்பும் இருந்தது. அடுக்குமனைகளில் ஒரு பகுதி வருவாய் குறைந்தோருக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. மரங்களுக்காக மனிதர் வீட்டை மறுப்பதா என்று கேட்டார்கள். அக்கேள்வியை நம்மால் எளிதில் தள்ளிவிட முடியவில்லை.

ஏனெனில் பிரிஸ்டர் குன்றின் பெயருக்குரியவரும் வீடு தேடி வந்தவர்தாம். அடிமையாயிருந்து விடுதலை பெற்ற பிரிஸ்டர் ஃப்ரீமேன், ஊரார் விரும்பாத இந்த மணற்பாங்கான மேட்டில் 1785இல் நிலம் வாங்கி வாழ்ந்தார். தோரோ வருவதற்கு வெகுமுன்பே அவர் இறந்துவிட்டார். ‘வால்டன்’ நூலின் முன்னாள் குடிகளைப் பற்றிய அத்தியாயத்தில் அவர் வருகிறார். அவர் நட்ட ஆப்பிள் மரங்கள் அப்போதும் அங்கே நின்றிருந்தன.

இன்று அக்குன்றில் ஓர் ஒற்றையடிப் பாதை செல்கிறது. வழியில் தோரோவின் வரிகள் பொறித்த கற்களைக் காணலாம். அருகிலேயே இரண்டாம் எண் நெடுஞ்சாலை. வாகன இரைச்சல் மரங்களினூடே வந்தவண்ணம் இருக்கிறது.