வாஷிங்டனுக்குக் கைகொடுத்த கப்பல்கள்

அமெரிக்க சுதந்திரப் போர் என்றதும் வாஷிங்டன் பெயர்தான் நமக்கு ஞாபகம் வரும். என்னைக் கேட்டால், பாதிப் புகழ் பிரெஞ்சு அட்மிரல் தெ கிராஸுக்குச் சேர வேண்டும். 1781 செப்டம்பர் 5 அன்று செசபீக் விரிகுடா வாயிலில் அவருடைய 24 போர்க்கப்பல்கள், ஆங்கிலேயரின் 19 கப்பல்களோடு மோதின. அன்றைய சண்டையில் ஒரு கப்பல்கூட மூழ்கவில்லை. ஆனாலும் கடல்வழி அடைபட்டுவிட்டது. யார்க்டவுனில் இருந்த கார்ன்வாலிஸுக்கு உதவிக்கு ஆளும் வரவில்லை, தப்பிக்கக் கப்பலும் வரவில்லை. அக்டோபர் 19-இல் 7,000-க்கும் மேற்பட்ட வீரர்களோடு சரணடைந்தார். (பின்னாளில் இங்கே வந்து திப்புவோடு மோதினாரே, அதே கார்ன்வாலிஸ்தான்!)

அந்தப் போரின் கடைசிக் கடற்சண்டை எங்கே தெரியுமா? நம்ம கடலூருக்கு எதிரே, 1783 ஜூன் 20-இல். இங்கிலாந்தும் பிரான்சும் ஜனவரியிலேயே முதற்கட்ட உடன்படிக்கையில் கையெழுத்திட்டிருந்தன. அந்தச் சேதி வந்து சேருவதற்குள் இங்கே பீரங்கி முழங்கிவிட்டது.