ஆற்றுக்குள் கிடந்த மரம்

"ப்ராஜெக்ட்ல சின்ன ஸ்னாக்" என்று சாதாரணமா சொல்லிவிடுகிறோம். எதிர்பாராத சிக்கல், அவ்வளவுதான். ஆனால் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் படகோட்டிகளுக்கு ஸ்னாக் என்றால் மரம். மிசிசிப்பியும் மிசௌரியும் கரையை அரித்து மரங்களைச் சாய்க்கும். வேர் சேற்றில் புதைந்துகொள்ளும். முனை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும். கலங்கல் தண்ணி, கண்ணுக்குத் தெரியாது. நீராவிப் படகின் அடிப்பலகை கிழிந்த பிறகுதான் தெரியும்.

1829இல் ஹென்றி ஷ்ரீவ், இந்த மரங்களைப் பிடுங்குவதற்கென்றே 'ஹீலியோபோலிஸ்' என்ற படகைக் கட்டினார். ஏறக்குறைய அதே காலத்தில்தான் 'மறைந்திருக்கும் தடை' என்ற பொருளும் அந்தச் சொல்லுக்கு வந்து சேர்ந்தது.

மரங்கள் தீரவில்லை. 1856 செப்டம்பரில் மிசௌரி ஆற்றில் 'அரேபியா' என்ற படகு ஒரு வால்நட் மரத்தில் மோதி, சில நிமிடங்களில் மூழ்கியது. பயணிகள் எல்லாரும் தப்பித்தார்கள். செத்தது, கட்டிப்போட்டிருந்த ஒரு கோவேறு கழுதை மட்டும். பின்னால் ஆறு தடம் மாறியது. 1988இல் ஒரு வயலுக்கடியில் அந்தப் படகைத் தோண்டியபோது, கழுதையின் எலும்புக்கூடும் கிடைத்தது.

ஆற்றில் மரம் இருப்பது எல்லாருக்கும் தெரியும். எங்கே என்பதுதான் தெரியாது. அடுத்த மீட்டிங்கில் யாராவது 'சின்ன ஸ்னாக்' என்றால், படகில் கட்டிக்கிடப்பது யாருன்னு ஒரு தடவை பாத்துக்கலாம்.