வான்வழி முன்னெச்சரிக்கை விமானங்கள் (இந்தியா)

ரேடாரைச் சுமந்து உயரத்தில் வட்டமிட்டு, எல்லையை நோக்கி வரும் விமானங்களைத் தொலைவிலேயே கண்டறிந்து, அவற்றை மறிக்கும் போர் விமானங்களுக்கு வழிகாட்டுபவை வான்வழி முன்னெச்சரிக்கை விமானங்கள். அவாக்ஸ் என்ற பெயரும் புழக்கத்தில் உண்டு. இவற்றை உள்நாட்டிலேயே உருவாக்க இந்தியா எடுத்த முதல் முயற்சி, 1999இல் அரக்கோணம் அருகே எட்டு உயிர்களைப் பலிகொண்ட விபத்தோடு நின்றுபோனது.

தேவை

ரேடார் அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. பூமியின் பரப்போ வளைந்தது. 20 மீட்டர் கோபுரத்தின் மேலுள்ள ரேடாரால், 100 மீட்டர் உயரத்தில் தாழப் பறந்து வரும் விமானத்தைச் சுமார் 60 கி.மீ. தொலைவில்தான் காண முடியும். மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் வந்தால், அந்த விமானம் நான்கே நிமிடங்களில் தலைக்கு மேல் வந்துவிடும். ரேடாரை 9,000 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோனால் பார்வையின் எல்லை 400 கி.மீ.யைத் தாண்டும். அதற்கேற்ற ஆற்றல் ரேடாருக்கு இருந்தால், தற்காப்புக்கு அரைமணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான அவகாசம் கிடைக்கும்.

முன்வரலாறு

1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மனியின் எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைத் தாக்கியபோது, நகருக்கு எந்த முன்னறிவிப்பும் கிடைக்கவில்லை. 1942 ஏப்ரல் 4 அன்று இலங்கைக்குத் தெற்கே ரோந்து பறந்த கட்டலினா விமானத்தின் தலைவர் லெனர்ட் பர்ச்சால், ஜப்பானியக் கடற்படையைக் கண்டு வானொலியில் செய்தி அனுப்பினார். அவரது விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள் காலை கொழும்பு தாக்கப்பட்டது. அக்காலத்து ரோந்து விமானங்கள் பெரும்பாலும் கண்பார்வையையே நம்பியிருந்தன. விமானத்திலேயே ரேடாரை ஏற்றித் தாழப் பறக்கும் எதிரியைத் தேடும் முயற்சியை அமெரிக்கக் கடற்படை இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில் மேற்கொண்டது. 1977இல் அமெரிக்க விமானப்படையில் சேர்ந்த ஈ-3 சென்ட்ரி, முதுகில் சுழலும் தட்டு வடிவக் கூண்டால் உலகெங்கும் அறியப்பட்டது.

ஐராவத்

1980களின் நடுப்பகுதியில் பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனம் (டிஆர்டிஓ) இத்துறையில் இறங்கியது. 1991இல் பெங்களூரில் இதற்கெனத் தனி ஆய்வகம் அமைந்தது. கான்பூரில் தயாரான ஆவ்ரோ எச்எஸ்-748 விமானத்தின் மேல் சுழலும் ரேடார் கூண்டு பொருத்தப்பட்டது. இத்திட்டத்தின் பெயர் ஐராவத்.

1999 ஜனவரி 11 அன்று அரக்கோணம்–சென்னைக் கடலோரப் பகுதியில் சோதனை நடந்தது. முன்னதாகப் புறப்பட்ட ஏஎன்-32 விமானம் இலக்காகப் பறக்க, ஆவ்ரோவின் ரேடார் அதைப் பின்தொடர்ந்தது. சோதனை நல்லபடியாக முடிந்து, அரக்கோணம் கடற்படைத் தளத்தில் தரையிறங்க ஆவ்ரோ உயரத்தைக் குறைத்துவந்தபோது, ரேடார் கூண்டு கழன்று வாலில் மோதியது. கட்டுப்பாட்டை இழந்த விமானம் விழுந்து நொறுங்கியது. விஞ்ஞானிகளும் விமானப்படையினருமாக அதிலிருந்த எட்டுப் பேரும் இறந்தனர். அப்போது டிஆர்டிஓ தலைவராக இருந்த ஆ.ப.ஜெ. அப்துல் கலாம், அந்தக் குடும்பங்களின் துயரைப் பின்னாளில் தம் நூலில் பதிவு செய்தார். திட்டம் கைவிடப்பட்டது.

மீட்சி

இடைவெளியை நிரப்ப 2004இல் இஸ்ரேல், ரஷ்யாவுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. இஸ்ரேலின் பால்கன் ரேடார் பொருத்திய மூன்று ஐஎல்-76 விமானங்களில் முதலாவது 2009 மே மாதம் வந்து சேர்ந்தது.

அதே 2004இல் உள்நாட்டு முயற்சியும் புத்துயிர் பெற்றது. இம்முறை தேர்வானது பிரேசிலின் எம்ப்ரேயர் 145 ஜெட் விமானம். சுழலும் கூண்டுக்குப் பதிலாக, முதுகின் நெடுகே அசையாத நீள்வடிவ அமைப்பு பொருத்தப்பட்டது. அலைக்கற்றையை மின்னணு முறையில் திருப்பி, பக்கத்துக்கு 120 பாகையாக மொத்தம் 240 பாகையைக் கண்காணிக்கும் இந்த விமானம் ‘நேத்ரா’ எனப் பெயர் பெற்று, 2017 பிப்ரவரி 14 அன்று விமானப்படையில் சேர்ந்தது. அடுத்த கட்டமாக, ஏர் இந்தியாவிடமிருந்த ஆறு ஏர்பஸ் ஏ-321 விமானங்களில் மேம்பட்ட ரேடாரைப் பொருத்தும் திட்டத்துக்கு 2021இல் ஒப்புதல் கிடைத்தது.

இடம்

அதே அரக்கோணம் தளத்திலிருந்து, 2013 முதல் பி-8ஐ விமானங்கள் வங்கக் கடலையும் இந்தியப் பெருங்கடலையும் கண்காணித்துவருகின்றன. கப்பல்களையும் நீர்மூழ்கிகளையும் தேடுவது அவற்றின் பணி. வான் எல்லையைக் காப்பது நேத்ரா, பால்கன் விமானங்களின் பொறுப்பு. ஐராவத் விமானப்படையில் சேராவிட்டாலும், இத்துறையில் இந்தியா பெற்ற முதல் பறப்பு அனுபவம் அதுவே. நேத்ராவை உருவாக்கியதும் ஐராவத்தை உருவாக்கிய அதே ஆய்வகம்தான். ஆகவே நேத்ராவின் வரலாற்றை எழுதும்போது, அரக்கோணம் அருகே இறந்த எட்டுப் பேரின் பங்கையும் சேர்த்தே எழுத வேண்டும்.